படுக்க வைப்பது பரிவாகாது

மயூர் விஹாரின் மாடிக் குடியிருப்புகளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் ஆபரேஷன் முடிந்து வந்தால், “அசையாதீங்கப்பா” என்பதே பல வீடுகளில் வழக்கம். பாசந்தான், ஆனால் கேடு. படுத்தே கிடந்தால் தசை வலுவிழக்கும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

தடையில்லையேல் ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நடமாட வைக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2011-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை. “கால் எப்போது ஊன்றலாம்?” என்று டாக்டரிடம் கேட்பது குடும்பத்தின் கடமை.

மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் கைபிடிக்க யார்? அங்கேதான் சிக்கல். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் முறையை அண்டை வீட்டாரும் கற்கலாம். தமிழ்ச் சங்கங்கள் விழாச் செலவில் சிறிது குறைத்து, நாலு வாக்கர் வாங்கி இரவல் தரட்டும். பொன்னாடையைவிட அதுவே பெரியோருக்கு மரியாதை.