ஆடாத நாளின் பயிற்சி

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் குற்றாலத்தில் சாரல் பொழியும். அருவி ஆர்த்து வீழும். அச்சிறப்பு சில திங்களே எனினும், நீர் சேர்க்கும் மலைக்காடு ஆண்டு முழுவதும் தழைத்திருத்தல் வேண்டும். விளையாட்டும் அத்தகையதே. போட்டி சில நாளில் முடியும். அதற்குரிய மூச்சுவலிமையோ போட்டியில்லா நாளிலேயே சேர்க்கப்படுவது.

சடுகுடு எனத் தமிழர் வழங்கும் கபடியில் ஒருமுறை பாடிச் செல்வதற்கு 30 நொடியே உண்டு. அவ்விரைவு தசையின் தொழில். அடுத்த முறைக்குள் களைப்பைப் போக்குவது நெஞ்சின் தொழில். 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்திய மகளிர் ஈரானிடம் 24-27 எனத் தோற்றனர். 2023-இல் சீனத் தைப்பே அணியை 26-25 என வென்றனர். ஒரு புள்ளியே முடிவைத் தீர்க்கும் ஆட்டத்தில், இறுதி நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்றல் ஆகாது.

போட்டி முடிந்தபின் மாணவர் தெருவிலேனும் பந்தாடுவர்; மாணவியரோ பெரும்பாலும் வீட்டுப் பணிக்குத் திரும்புவர். சில வாரம் பயிற்சி நின்றாலே சேர்த்த வலிமை குறையத் தொடங்கும். இஃது அவர்தம் சோம்பலன்று. நேரமும் இடமும் அளியாத பெரியோரின் குறையே.

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு. வாரத்தில் மூன்று நாள், காலைக் குளிர்ச்சியில், தோழியர் துணையோடு, பேச்சுத் தடைப்படாத மெல்லோட்டமாக அவ்வழியில் அரைமணி ஓடுதல் நன்று. முதலில் நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தால் இளைப்பு மிகும். ஆதலின் கீரையும் பயறும் உணவில் இடம்பெறுக.

பெண்மக்களுக்கு அந்த அரைமணியை மறுத்துவிட்டு, அவர்களிடம் பதக்கத்தை எதிர்பார்த்தல் முறையாகாது.