தூண்டில் புழுவைக் காட்டில் கொட்டலாமா?

மண்புழு உழவனின் நண்பன் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். சார்லஸ் டார்வின் 1881-ல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த நண்பனைத்தான் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போகிறேன். சண்டைக்கு வராமல் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்!

அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மின்னசோட்டா மாநிலத்தில் சிப்பெவா தேசியக் காடு இருக்கிறது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கோடை வந்தால் மக்கள் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, படகு விட்டு, மீன் பிடித்து மகிழ்கிறார்கள். ஊர் திரும்பும்போது டப்பாவில் மீந்த தூண்டில் புழுக்களை மரத்தடியில் கொட்டிவிடுவது பலருடைய வழக்கம். 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்ற இரக்கம்தான்.

அந்தக் காட்டுக்கு மண்புழுவே அந்நியம் என்பதுதான் சிக்கல். பனியூழிக் காலத்தில் அந்த நிலம் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியபின் வளர்ந்த காடு, மண்புழு இல்லாமலே வளர்ந்தது. உதிர்ந்த இலைகளைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மெல்ல மெல்ல மக்கச் செய்தன. தரைமேல் மெத்தைபோல் இலை அடுக்கு சேர்ந்தது. மேப்பிள் மரக் கன்றுகளும் பெரணிகளும் காட்டுப் பூச்செடிகளும் அந்த மெத்தையில்தான் வேர்விடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்த புழுக்கள் சில ஆண்டுகளில் அந்த மெத்தையைத் தின்று தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது வெறும் மண். நம் வயலுக்கு நன்மை செய்யும் அதே வேலை அங்கே கேடாகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். புழு தானாக ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் பரவும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் போக 100 ஆண்டு. காரில் ஏறினாலோ ஒரே நாளில் 300 கிலோமீட்டர்!

மீன் பிடிப்பதையே தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏரியை நேரில் கண்டவர்தாம் அதற்காகப் பேசுவார். புழு விற்பனையைத் தடை செய்வதும் எளிதல்ல; தோட்டத்தில் தோண்டினாலே கிடைக்கிறதே! ஆனால் புழு டப்பா விற்கும் கடைக்காரர், 'மீந்ததைக் காட்டில் கொட்டாதீர், குப்பைத் தொட்டியில் போடுங்கள்' என்று அதன்மேல் அச்சிடுவதில் என்ன கஷ்டம்? பரவிவிட்ட புழுக்களைக் காட்டிலிருந்து முழுவதும் அகற்றும் வழி இதுவரை யாருக்கும் கிட்டவில்லை. புழு எட்டாத இடங்கள் அங்கே இன்னும் மிச்சமிருக்கின்றன.