தெளிநீரும் தெளிவிளக்கும்

மலைநாட்டிலே மனையின் முன்றிலில் ஒரு சிறு குளந் தோண்டி, அதில் அல்லி வளர்த்து, பொன்மீன் விட்டு, மாலைப்பொழுதில் அதன் கரையில் அமர்ந்து மகிழ்தல் நல்லதொரு வழக்கமாகும். நீலகிரிக்கு நீரால் அழகு செய்யும் இவ்வழக்கம் புதிதன்று. கோயமுத்தூர் ஆட்சித்தலைவராயிருந்த ஜான் சல்லிவன் என்பார் ஓடையை மறித்து உதகை ஏரியை அமைக்கத் தொடங்கியது 1823-ஆம் ஆண்டில். உதகைத் தாவரவியற் பூங்கா 1848-இல் மக்ஐவர் என்பாரின் மேற்பார்வையில் உருப்பெற்றது. குன்னூர்ச் சிம்ஸ் பூங்கா 1874-இல் தோன்றிற்று. மரமும் மலரும் புல்வெளியும் போலவே நீரும் பூங்காவுக்கு இன்றியமையாத உறுப்பு என்னும் கருத்து அன்றே இம்மலையில் வேரூன்றியது. இன்று விடுதிகளிலும், பள்ளி வளாகங்களிலும், தேயிலைத் தோட்டத்து வீடுகளிலும் அக்கருத்தின் சிறு வடிவங்களைக் காண்கின்றோம்.

ஆயினும், தோண்டிய குளம் தெளிவாக நிற்பது சின்னாளே. வெயில் ஏறும் மாசி பங்குனித் திங்களில் நீர் பச்சைச் சாந்து கரைத்தாற் போலாகிவிடுகின்றது. அடியும் தோன்றாது, மீனும் தோன்றாது. அது கண்டு வருந்தும் உடையவர், ஒன்று நீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்புவர். அன்றேல் மயில்துத்தத்தை அள்ளித் தூவுவர். அன்றேல் கடைக்குச் சென்று ‘யூ.வி. லைட்’ என வழங்கும் புறஊதாக் கதிர் விளக்கு ஒன்றை வாங்கி வருவர். இவ்விளக்கைத் தெளிவிளக்கு என்று யாம் இக்கட்டுரையில் வழங்குவோம். இம்மூன்று வழிகளுள் தெளிவிளக்கே சிறந்தது என்பது எம் கருத்து. ஆனால், அதனை அளவறிந்து தேர்ந்து, இடமறிந்து பொருத்தி, யாவற்றிற்கும் முன்னதாகக் குளத்திற்கு வரும் அழுக்கின் வாயிலை அடைத்தாலன்றி அவ்விளக்கு வீண் செலவே என்பதும் எம் கருத்து. இவ்விரண்டனையும் முறையே நிறுவ முயல்வோம்.

நீர் பச்சையாவது ஏன்? கண்ணுக்குத் தனித்தனியே புலனாகாத ஓரணுப் பாசிகள் நீரில் மிதந்து பெருகுவதாலேயே அந்நிறம் உண்டாகின்றது. அவற்றுக்கு வேண்டுவன ஒளியும், தழைச்சத்தும், மணிச்சத்துமாம். ஒளி மலைவெயிலிற் குறைவின்றிக் கிடைக்கின்றது. சத்துக்களோ மீன் உண்ணாது எஞ்சிய இரையிலிருந்தும், மீனின் கழிவிலிருந்தும், விழுந்து மக்கும் இலையிலிருந்தும் வருகின்றன. தேயிலைச் சரிவின் கீழே அமைந்த குளமாயின் இன்னும் ஒரு வாயில் உண்டு. மேட்டில் இட்ட உரம் மழைநீரோடு இறங்கிக் குளத்தில் தங்குகின்றது. தேயிலைக்கு இட்ட உணவைப் பாசி உண்டு கொழுக்கின்றது.

இதனை உணர்ந்தால் முதல் வழியின் பயனின்மை விளங்கும். புதுநீர் நிரப்பினும் சேற்றில் உறையும் சத்து அங்கேயே உள்ளது. எனவே பாசி மீளவும் தோன்றும். கோடையிற் குடிநீர்க்கே தட்டுப்பாடு நேரும் குன்னூர் போன்ற ஊரில், ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை அழகின்பொருட்டுச் சாக்கடையில் விடுதல் அறமும் அன்று. இரண்டாம் வழி இன்னும் தீது. மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரில் அதன் நச்சுத்தன்மை மிகுதியாகி மீனையும் கொல்லும். மேலும், ஒரே நாளில் மாண்ட பாசி முழுவதும் அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி குன்றும். செம்பு அழியாது சேற்றில் தங்கும். வழிந்தோடும் நீரோடு கீழுள்ள ஓடைக்கும் செல்லும்.

இனித் தெளிவிளக்கின் செயல் யாதெனிற் கூறுவோம். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்திற்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதனை ஜெர்மானியராகிய ரிட்டர் 1801-இற் கண்டறிந்தார். கதிரவன் ஒளி நுண்ணுயிர்களை மாய்க்கும் என்பதனை 1877-இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர். பிரான்சு நாட்டு மார்சேய் நகரில் 1910-இற் குடிநீரைப் புறஊதாக் கதிராற் றூய்மை செய்ய முயன்றனர். அம்முயற்சியின் சிறு வழித்தோன்றலே நம் குளத்து விளக்கு. மூடிய குழாயினுள்ளே பாதரச ஆவி விளக்கொன்று 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பரப்புகின்றது. குளத்து நீர் அவ்விளக்கைச் சூழ்ந்து செல்லும்போது கதிர் பாசியணுக்களின் உள்ளுறுப்பைச் சிதைக்கின்றது. சிதைந்த அணுக்கள் பெருகும் ஆற்றல் இழந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. அத்திரளை வடிகட்டி பிடித்துக்கொள்ள, நீர் தெளிகின்றது.

தமிழ் பயில்வார்க்கு இது முற்றும் புதிய செய்தியன்று. கலங்கிய நீரைத் தேற்றாவின் விதைகொண்டு தெளியச் செய்தமை கலித்தொகையில் உவமையாக வந்துள்ளது. தேற்றா விதை மண்துகளைத் திரளச் செய்து அடியிற் படிவிக்கின்றது. விளக்கோ பாசியணுவைத் திரளச் செய்து வடிகட்டிக்கு அனுப்புகின்றது. கருவி வேறாயினும், நுண்ணியதைத் திரட்டி நீக்குதல் என்னும் நெறி ஒன்றே. ஆயின், தேற்றாவின் வேலையை விளக்குச் செய்யாது. இவ்வேறுபாட்டை அறியாமையாற் பலர் பொருளிழக்கின்றனர்.

ஆதலின், வாங்குவதற்கு முன்னர் ஒரு சிறு சோதனை செய்க. கண்ணாடிப் புட்டியொன்றிற் குளத்து நீரை முகந்து ஓரிரவு அசையாது வைக்க. மறுநாள் அடியில் மண் படிந்து மேல்நீர் தெளிந்திருப்பின், அக்கலக்கம் மழை கொணர்ந்த செம்மண்ணே. அதற்கு விளக்கு வேண்டுவதில்லை, கரையைத் திருத்துதல் வேண்டும். படியாது பச்சையாகவே நிற்பின் விளக்குப் பயன்படும். தெளிந்திருந்தும் தேநீர் போன்ற நிறமிருப்பின், கற்பூர மரத்தின் இலையும் பட்டையும் ஊறி இறங்கிய துவர்ச்சாறு என்று கொள்க. இம்மலையில் அம்மரம் மலிந்திருத்தலின் இது பொதுவாகக் காணும் குறை. அச்சாறு புறஊதாக் கதிரைத் தானே விழுங்கிவிடும்; எனவே இலையை அகற்றிய பின்னரே விளக்கு வேலை செய்யும். குளத்தின் ஓரத்தே நூல் நூலாகக் கல்லைப் பற்றிப் படர்ந்த பாசிக்கும் விளக்கு மருந்தன்று. அது குழாய்க்குள் வருவதில்லை. கையால் வாரி எடுத்தலே அதற்கு வழி.

தேர்ந்தெடுக்கும் முறை பின்வருமாறு. மூன்று மீட்டர் நீளமும், இரண்டு மீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளம் 6,000 லிட்டர் கொள்ளும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று வாட் எனக் கொள்ளின் 18 வாட் விளக்குப் போதும். வெயில் மிகுந்து, மீனும் மிகுந்திருப்பின் அடுத்த பெரிய அளவை வாங்குக. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை குளத்து நீர் முழுவதும் விளக்கைக் கடந்து வருதல் வேண்டுமாதலின், மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் நீரேற்றி தேவை. ஈண்டு மலைவாழ்நர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட அளவு சமநிலத்தில் தள்ளும் அளவாம். சரிவின் கீழுள்ள குளத்திலிருந்து மேலுள்ள வடிகட்டிக்கு நீரை ஏற்றுங்கால் அவ்வளவு பெரிதும் குறையும். ஏற்றத்தின் உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்பதனையே கடைக்காரரிடம் கேட்டறிக. நீர் மிக விரைந்து சென்றாலும் தீது; கதிர் படும் நேரம் குறைந்து பாசி பிழைத்துக்கொள்ளும். செலவோ அஞ்சத்தக்கதன்று. 18 வாட் விளக்கு இரவும் பகலும் எரியின் மாதத்திற்கு ஏறத்தாழ 13 யூனிட் மின்சாரமே ஆகும். நீரேற்றியின் செலவு தனி.

பொருத்துங்கால் நீரேற்றி, விளக்கு, வடிகட்டி என்னும் வரிசை நன்று. விளக்குத் திரட்டியதை வடிகட்டி பிடிக்க வேண்டுமன்றோ? நீரேற்றியின் வாயில் இலையும் மண்ணும் புகாதபடி ஒரு சல்லடை வேண்டும். நீருள் மூழ்குவதற்கென்று செய்யப்படாத விளக்கைக் குளத்தில் இறக்கலாகாது. மழை படாத கூரையின்கீழ்க் கரையிலிருந்து விலக்கி வைக்க. தென்மேற்குப் பருவமழையில் நாட்கணக்காக நனையும் மலையாதலின், மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பை அறுக்கும் துண்டிப்பான் இன்றித் தோட்டத்திற்கு மின்சாரம் கொண்டுசெல்லுதல் உயிருக்கே ஊறாம். அவ்வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்புவிக்க. நீரோட்டம் நின்றபோது விளக்கு எரியலாகாது. எரியும் விளக்கை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. கண்ணும் தோலும் கெடும்.

பேணுதலிலும் இரண்டு செய்திகள் உண்டு. விளக்கைச் சூழ்ந்துள்ள உறை குவார்ட்ஸ் என்னும் சிறப்புக் கண்ணாடியாலானது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். அவ்வுறைமேற் படியும் வழுவழுப்பை அவ்வப்போது துடைத்தல் வேண்டும். இரண்டாவது, எட்டாயிரம் ஒன்பதாயிரம் மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு, எரிந்தபின் நீல ஒளி தோன்றினும் கதிரின் வலிமை குன்றிவிடும். எரிகின்றதே என்று ஏமாறாது ஆண்டுக்கொருமுறை, வெயில் ஏறுமுன், புது விளக்கு இடுக. பழைய விளக்கிற் பாதரசம் உண்டு. அதனைக் குப்பைமேட்டில் உடைத்தெறியாது முறைப்படி ஒப்படைக்க. உறைபனி பெய்யும் மார்கழி தை இரவுகளிற் கருவியை நிறுத்துவதாயின் குழாயிலுள்ள நீரை வடித்துவிடுக. உறைந்த நீர் விரிந்து உறையை உடைக்கும்.

இத்துணையும் செய்தால் நீர் தெளியும். ஆனால், தெளிந்த நீர் தூய நீர் ஆகிவிடுமோ? ஆகாது. கதிர் பாசியைச் சிதைத்ததேயன்றிச் சத்தை நீக்கவில்லை. வடிகட்டியிற் சிக்கிய திரளைக் கழுவி வெளியேற்றாவிடின் அது அழுகி மீண்டும் குளத்திற்கே உணவாகும். இரையை அளந்திடாதவரும், இலையை வாராதவரும், மேட்டு உரநீரை விலக்க ஒரு வாய்க்கால் வெட்டாதவரும் விளக்கை மட்டும் ஏற்றுதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும்.

சிறு குளத்திற் கண்ட இவ்வுண்மையைப் பெரிய ஏரியோடு பொருத்திப் பார்ப்போம். உதகை ஏரி இன்று சற்றேறக்குறைய 65 ஏக்கர் பரப்புடையது. பழைய ஏரி இதனினும் பெரிது. குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அதன் பரப்பில் எழுந்தவையே. எஞ்சிய ஏரியிலும், தோடர் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ என்னும் சொல்லைத் தன் பெயரில் தாங்கிய கோடப்பமந்துக் கால்வாய் வழியே நகரத்துக் கழிவுநீர் கலந்து வருவது நெடுநாளைய முறையீடு. ஆகாயத்தாமரை படர்வதும் அவ்வூட்டத்தினாலேயே. ‘சிறு குளத்தைத் தெளிவித்த கருவி பெரிய ஏரியைத் தெளிவிக்காதோ?’ என வினவுவார் உளராயின், அவர்க்குக் கணக்கே விடை. ஆழம் ஒரு மீட்டரே எனக் கொண்டாலும் அவ்வேரி ஏறக்குறைய 26 கோடி லிட்டர் கொள்ளும். நம் அளவின்படி 18 வாட் விளக்குகள் நாற்பத்து மூவாயிரத்திற்கு மேல் வேண்டும். அவற்றை ஏற்றிய பின்னும் கால்வாய் நாள்தோறும் புதிய ஊட்டத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே வேண்டுவது விளக்கன்று. கழிவுநீர் ஏரியை அடையுமுன் தடுத்துத் தூய்மை செய்யும் ஏற்பாடே.

‘கழிவுநீரைத் தடுப்பது நகரத்தின் கடமை, தனி மனிதர் செய்யத்தக்கது யாது?’ என்பார்க்கு எம் விடை இது. நீலகிரியின் ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் கலந்து சமவெளிக்குச் செல்கின்றன. மலைமேல் ஒருவர் தம் குளத்திற் றூவிய மயில்துத்தமும், சரிவில் இட்ட உரமும், மனையிலிருந்து விட்ட கழிவும் அவரோடு நின்றுவிடுவதில்லை. தம் முன்றிற் குளத்திற்கு வரும் அழுக்கின் வாயிலைத் தேடி அடைக்கக் கற்றவர், ஊரேரியின் வாயிலையும் அடைக்குமாறு கேட்கும் உரிமையும் உறுதியும் பெறுவர். அதனைக் கல்லாதவரோ, ஏரி நாறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாற் செல்வர்.

ஆகவே, பூங்கா உடையீர், பள்ளிகளை நடத்துவீர், விடுதிகளை மேற்பார்ப்பீர், முதலில் வாய்க்காலைத் திருத்துக. அடுத்து இலையையும் சேற்றையும் வாருக. பின்னர் அளவறிந்த விளக்கொன்றை அமைக்க. இவ்வரிசை மாறாதிருப்பின் செலவும் குறையும், மீனும் வாழும், குளத்தின் அடியிற் கிடக்கும் கூழாங்கல்லும் கண்ணுக்குத் தோன்றும்.