சொட்டு மருந்துக்கு இடமில்லாத 10 லட்சம்

2025 ஏப்ரலில் தில்லி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இணைந்தது. ஒன்றிய அரசின் 5 லட்சம், தில்லி பாஜக அரசின் 5 லட்சம், ஆகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு எனப் பெருமுழக்கம் செய்யப்பட்டது. இந்த முழக்கத்தைக் கண் அழுத்த நோயில் உரசிப் பார்ப்போம்.

கிளாக்கோமா எனப்படும் இந்நோய் பெரும்பாலும் வலி தராது. பார்வை நரம்பு மெல்ல மெல்ல அழிகிறது. முதலில் பக்கப் பார்வை சுருங்குகிறது. நேர்ப்பார்வை தெளிவாகவே இருப்பதால், சாரத்தில் ஏறும் கட்டடத் தொழிலாளிக்கோ ஆட்டோ ஓட்டுநருக்கோ தம் கண் பறிபோவது தெரிவதில்லை. கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சையில் பார்வை மீளும். இதில் இழந்தது இழந்ததுதான்; எஞ்சியதைக் காக்கவே சிகிச்சை. நாட்டில் 40 வயதைக் கடந்தோரில் சுமார் 1.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கலாம் எனச் சென்னை மருத்துவர்கள் 2010இல் மதிப்பிட்டனர். தமிழகக் கள ஆய்வுகளில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அதுவரை தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள்.

கண்ணழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப் புலம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடும் முகாம்கள் போதா. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு அழிவோர் உண்டு. பின்னர், பலருக்கு வாழ்நாள் முழுதும் நாள்தோறும் சொட்டு மருந்து. இவையனைத்தும் புறநோயாளிச் சிகிச்சை. ஆயுஷ்மான் அட்டையோ மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செல்லும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து கிடைக்கும். பதினாறாம் நாளிலிருந்து தொழிலாளி தன் கூலியைப் பிழிந்துதான் கண்ணில் விட வேண்டும்!

எய்ம்ஸ் வளாகத்தில் 1967இல் தொடங்கப்பட்ட ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், பொதுத்துறையால் எது இயலும் என்பதற்குச் சான்று. அதற்காக வட இந்தியாவின் ஏழைகள் எல்லாம் அந்த ஒரே வாசலில் வரிசையில் நிற்க வேண்டுமா? 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017 கொள்கையில் எழுதியவர்கள் இவர்களே. ஆண்டு கடந்துவிட்டது, இலக்கு எட்டப்படவில்லை.

சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தில்லித் தனியார் மருத்துவமனைகள், புறநோயாளிகளில் 25 சதவீதத்தை ஏழைகளுக்கு ஒதுக்கி இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. குடிசைப் பகுதிகளில் பணியாற்றும் நம் கிளைகள் நோயாளிகளை அழைத்துக்கொண்டு அந்த வாசல்களுக்குச் செல்ல வேண்டும். மொஹல்லா கிளினிக்குகளின் பெயர்ப் பலகையை ‘ஆரோக்கிய மந்திர்’ என மாற்றிக்கொண்டிருக்கும் அரசிடம், அங்கே கண்ணழுத்தக் கருவியும் மாதந்தோறும் இலவசச் சொட்டு மருந்தும் கேட்போம்.