அல்பெர்டஸ் என்று சொன்னால் போதுமா?

ஒரு தொடரின் டைட்டிலைப் பார்த்துவிட்டு “இது என்ன ஃபான்ட்?” என்று கேட்பவர்கள் ஒரே ஒரு பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது கிடைத்தும்விடுகிறது. பிரிட்டனின் ஐடிவியில் 1967 செப்டம்பரில் தொடங்கிய ‘தி பிரிசனர்’ தொடரைப் பற்றிக் கேட்டால் வரும் பெயர் அல்பெர்டஸ். அந்தப் பதிலில் தவறு இல்லை. ஆனால் அந்த ஃபான்ட்டைக் கணினியில் ஏற்றி, தொடரின் பெயரைச் சிறிய எழுத்துகளில் அடித்துப் பாருங்கள். திரையில் கண்டதும் கணினியில் வருவதும் முழுக்க ஒத்துப்போகாது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

பதினேழே பகுதிகள் கொண்ட தொடர் அது. வேலையை உதறிய உளவாளி ஒருவரைக் கடத்திச் சென்று, ‘கிராமம்’ என்று மட்டுமே அழைக்கப்படும் அழகிய ஊரில் அடைத்துவைக்கிறார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பேட்ரிக் மெகூஹன் நடித்த நாயகனின் எண் ஆறு. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் உள்ள போர்ட்மெரியனில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். தொடரின் பெயருக்குப் பயன்பட்ட எழுத்துருவேதான் அந்த ஊரின் பெயர்ப் பலகைகளிலும், அறிவிப்புகளிலும், கடையில் விற்கும் டப்பாக்களின் லேபிள்களிலும் இருக்கும். வழிகாட்டும் பலகையையும் எச்சரிக்கும் பலகையையும் ஒரே கை எழுதியதுபோலத் தோன்றும். அந்த ஊரை ஆள்வது யார் என்பது கடைசிவரை புதிர். ஆனால் எல்லாம் ஒரே அதிகாரத்தின் கீழ் இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் இந்த எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. தொலைக்காட்சியில் எழுத்துரு இந்த அளவுக்குக் கதையின் வேலையைச் செய்தது அபூர்வம் என்பது என் கருத்து.

அல்பெர்டஸை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ‘ஐ’, ‘ஜே’ இரண்டின் தலைமேல் இருக்கும் புள்ளியை நீக்கினார்கள். ‘ஈ’ எழுத்தின் மேல்பாதியில் மூடியிருக்கும் வளையத்தைத் திறந்துவிட்டார்கள்; அது பழைய கையெழுத்துச் சுவடிகளின் வடிவத்தை நினைவூட்டும். புள்ளி போனால் என்னவாகும் என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் புரியும். நம் எழுத்தில் புள்ளி போனால் ஒலியே மாறிவிடும். இருந்தும் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆங்கில ‘ஐ’க்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. புள்ளி போனாலும் எழுத்து அதேதான், படிப்பதிலும் தடை இல்லை. ஏதோ ஒன்று இயல்பாக இல்லை என்ற உணர்வு மட்டும் கண்ணில் தங்கும். அந்த ஊருக்கு அது பொருந்திப்போனது.

எழுத்துருவை அடையாளம் காணும் முறையும் இதிலிருந்தே கிடைக்கிறது. காட்சியை நிறுத்தி, மாற்றியதுபோலத் தெரியும் எழுத்துகளை முதலில் ஒதுக்கிவையுங்கள். மிச்சமுள்ளவற்றில் கோடுகளின் முனைகளைப் பாருங்கள். அல்பெர்டஸில் நிமிர்ந்த கோடு முனையை நெருங்கும்போது மெல்ல அகலும்; தனியாக ஒட்டவைத்ததுபோன்ற குறுங்கோடு முனையில் இருக்காது. படத்தைக் கொடுத்தால் ஃபான்ட் பெயர் சொல்லும் இணையக் கருவிகள் வடிவத்தை மட்டுமே ஒப்பிடுகின்றன. புள்ளியில்லாத ‘ஐ’யையும் திறந்த ‘ஈ’யையும் கொடுத்தால் அவை தடுமாறும். கருவி ஒரு பெயரைச் சொன்னாலும் அது எந்த ஆண்டில் வந்த ஃபான்ட் என்று பாருங்கள். மோனோடைப் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘அல்பெர்டஸ் நோவா’ புதுப்பித்த வடிவம். அது 1967-இன் திரையில் இருந்திருக்க முடியாது.

முனைகள் அகல்வதற்குக் காரணம் உண்டு. இந்த எழுத்தை உருவாக்கிய பெர்தோல்ட் வோல்பே, ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் 1905-இல் பிறந்த யூதர். உலோக வேலை பயின்றவர். எழுத்துக்கலையில் ருடால்ஃப் கோக்கின் மாணவர். வெண்கலத் தகட்டில் எழுத்துகளைப் புடைப்பாக வெட்டுவார். புடைப்பெழுத்தில் உளி எழுத்தின் உடலைத் தொடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள உலோகத்தைத்தான் செதுக்கி எடுக்கிறது. வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுவதால் எழுத்து தடித்து, எளிமையாக, நுணுக்க வளைவுகள் இல்லாமல் நிற்கும். அந்த வேலையைப் பார்த்த மோனோடைப்பின் அச்செழுத்து ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன் அதையே அச்செழுத்தாக்கக் கேட்டார். 1932 முதல் 1940 வரை மோனோடைப்புக்காக அது படிப்படியாக உருவானது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1935-இல் இங்கிலாந்தில் குடியேறிய வோல்பேயைப் போர்க்காலத்தில் அந்த நாடே எதிரி நாட்டவர் என்று பிடித்து ஆஸ்திரேலிய முகாமுக்கு அனுப்பியது. திரும்பி வந்து 1941 முதல் 1975 வரை ஃபேபர் பதிப்பகத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை வடிவமைத்தார். லண்டனின் ‘சிட்டி’ பகுதித் தெருப் பெயர்ப் பலகைகளில் இன்று இருப்பதும் அவருடைய எழுத்துதான்.

ஆகவே அடுத்த முறை யாராவது கேட்டால், வோல்பேயின் அல்பெர்டஸ், தொடருக்காக ‘ஐ’, ‘ஜே’, ‘ஈ’ மூன்றையும் மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். போஸ்டர் செய்ய நினைப்பவருக்கு ஃபான்ட்டை வாங்கிய பிறகு கையால் திருத்த வேண்டியது எவை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.