பெற்ற பூனையும் பிரிந்த குட்டியும்

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுற்றிச் சுற்றி வருகிறாய்?" என்று பிறரைக் கேட்பது நம்மவர் வழக்கம். சென்ற ஆடி மாதத்தில் நம் வீட்டுப் பூனை மெய்யாகவே அப்படிச் சுற்றி வந்தது. அந்தப் பாவத்துக்குக் காரணகர்த்தா நாம்தான். இரண்டு மாதம் நிரம்பிய மூன்று குட்டிகளில் வெள்ளைக் குட்டியைக் கூடையில் வைத்து, அடுத்த தெரு நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். தாய்ப் பூனை இரண்டு நாள் மாடிப்படியிலும் பரணிலும் தேடித் தேடிக் கத்திற்று. மூன்றாம் நாள் வழக்கம்போல் பால் குடித்துவிட்டுத் தூங்கிற்று. நம்முடைய எட்டு வயதுப் பெண் மட்டும் நம்மை மன்னிக்கவேயில்லை.

தை மாதத்தில் நண்பருக்கு வெளியூர் மாற்றலாயிற்று. குட்டி அதே கூடையில் திரும்பி வந்தது. தாயும் சேயும் கூடிக் குலாவும் காட்சியைக் காண நம் பெண் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடையைத் திறந்ததும், குட்டி வாலை நிமிர்த்திக்கொண்டு தாயிடம் ஓடிற்று. தாயோ மயிர் சிலிர்த்துச் சீறி, அதன் மூக்கின்மேல் ஓர் அறை வைத்தது!

"பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் போகுமா, அப்பா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை விசித்து விசித்து அழுதாள். பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் கேள்வி கேட்டே பிழைக்கும் நாம், அன்று பதில் சொல்ல வழியின்றிப் புத்தகங்களைத் தேடிப் போனோம்.

பூனைக் குட்டி பிறக்கும்போது அதற்குக் கண்ணும் திறப்பதில்லை, காதும் கேட்பதில்லை. கண் திறக்க ஒன்று அல்லது இரண்டு வாரமாகும். ஆனால் மூக்கு மட்டும் முதல் நாளே வேலைக்கு வந்துவிடுகிறது. பிறந்த சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தாயின் மடியில் தனக்கென ஒரு காம்பை வாசனையால் கண்டுகொண்டு, பெரும்பாலும் அதையே நாடுகிறது. நான்கு வாரத்தில் தாயின் குரலும் தெரிந்துவிடுகிறது. மெக்ஸிகோ தேசத்தில் நடந்து 2016ல் வெளியான பரிசோதனை ஒன்றில், பதிவு செய்த குரல்களைக் குட்டிகளுக்குக் கேட்கச் செய்தார்கள். பிற தாய்ப் பூனைகளின் அழைப்பைக் காட்டிலும் தன் தாயின் அழைப்புக்கே குட்டிகள் அதிகமாகச் செவி சாய்த்தன. ஒரு வயதாகும்போதும் தாயின் உடல் வாசனையை அவை வேறுபடுத்தி அறிவதாகப் பின்னர் நடந்த ஆராய்ச்சி கூறுகிறது. ஆகவே நம் வெள்ளைக் குட்டி வாலை நிமிர்த்தி ஓடியதில் வியப்பில்லை.

தாயின் சங்கதி வேறு. தன் குட்டியின் வாசனையையும் பிறர் குட்டியின் வாசனையையும் தாய்ப் பூனை பிரித்தறியும் என்பதை 2017ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும், கூட்டுக்கு வெளியே கிடக்கும் குட்டிகளை வாயில் கவ்வி எடுத்துவரும்போது, தன்னுடையது, அயலாருடையது என்ற பேதத்தை அது பாராட்டவில்லையாம்! காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. பூனைக்கோ மடியில் கிடக்கும் குட்டியெல்லாம் பொன் குட்டி. அந்தத் தாய்மையும் சில மாத உத்தியோகந்தான். பால் மறக்கும் பருவம் வந்ததும் தாயே குட்டிகளைத் தள்ளிவிடத் தொடங்கும்.

அதன் பிறகு பூனைகளின் உறவு வாசனையைப் பொறுத்தது. ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று உராய்ந்து, நக்கி, ஒரு பொது வாசனையைக் காத்து வருகின்றன. வைத்தியரிடம் போய் வந்த பூனையின்மேல் மருந்து நெடி வீசினால், கூடவே வளர்ந்த பூனைகூடச் சீறுவதுண்டு. ஆறு மாதம் வேற்று வீட்டில் வளர்ந்து, வேற்று வீட்டு மணத்தோடு வந்த பூனையை, நம் வீட்டுப் பூனை அன்னியன் என்றே கொண்டது. அதன்மேல் குற்றம் சொல்ல நியாயமில்லை.

காரணம் தெரிந்ததும் பரிகாரமும் கிடைத்தது. குட்டியை வேறு அறையில் வைத்தோம். பழைய துண்டு ஒன்றால் அதைத் துடைத்துத் தாய் படுக்கும் இடத்தில் போட்டோம். தாயைத் துடைத்த துண்டைக் குட்டியிடம் போட்டோம். மூடிய கதவின் இரு புறத்திலும் இரண்டுக்கும் உணவு வைத்தோம். பன்னிரண்டாம் நாள் இரண்டும் ஒரே கோணியில் சுருண்டு படுத்தன. பழைய பாசம் மீண்டுவிட்டதென்று நாம் பறைசாற்ற மாட்டோம். வீட்டு வாசனை ஏறியதும் அது மறுபடி வீட்டுப் பூனையாயிற்று, அவ்வளவே.

இதையெல்லாம் நம் பெண்ணுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அம்மா என்னைச் சீறுவாளா?" என்றாள்.

நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பிரசங்கத்தைத் தொடங்குவதற்குள், "சாதம் ஆறிப் போகிறது, வாடி கண்ணே!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. குழந்தை ஒரே பாய்ச்சலாக ஓடினாள். நம் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.