எந்த மரக்காலால் அளந்தது?

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. சபையில் இடம்பெற, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். வெறுமனே 'கால்' என்று வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கால் மாவா, கால் வேலியா என்று வழக்கு வந்திருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. நெல்லின் அளவோடு, அது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்றும் சொல்கின்றன. எண், அலகு, அலகின் அடையாளம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அளவு முழுமையாகும்.

மாணவர்களே, இந்த ஒழுங்கு இன்று தகவலை அளப்பதில் தளர்ந்துவிட்டது என்பது என் கருத்து. நெல்லுக்குக் காட்டிய அக்கறையை நாம் தகவலுக்குக் காட்டுவதில்லை.

இணைய இணைப்பின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கிறார்கள். கோப்பின் பருமனையோ பைட் கணக்கில் சொல்கிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி. அதுபோல எட்டு பிட் ஒரு பைட். நாழியில் அளந்து கொடுத்ததைக் குறுணி என்று வாங்கினால் எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

இந்தியாவில் அகலப்பட்டை இணைப்பு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2004-ல் வினாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்தது. அது 2023-ல் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. சிற்றூரில் இருக்கும் ஒரு மாணவி 100 மெகாபைட் பாடப் படம் ஒன்றை இந்த 2 மெகாபிட் வேகத்தில் இறக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூறை இரண்டால் வகுத்து, 50 வினாடி போதும் என்று நினைப்பாள். உண்மையில் 800 மெகாபிட்டை 2-ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் 400 வினாடி, அதாவது 6 நிமிடம் 40 வினாடி வருகிறது. கணக்குத் தெரியாவிட்டால் சரியான இணைப்பையும் ஏமாற்று என்பாள். உண்மையிலேயே ஏமாற்றினால் அதைக் காட்டிக் கொடுக்கவும் அவளால் முடியாது.

"இதற்கென்ன, மாற்றிக் கொடுக்கக் கைப்பேசியே இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். கருவி எட்டால் வகுக்கும். ஆனால் எதை அளந்தோம் என்பது அதற்குத் தெரியாது. பழைய பிளாப்பி வட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பக்கம். பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். எல்லாவற்றையும் பெருக்கினால் 14,74,560 பைட் வரும். இதைத்தான் '1.44 மெகாபைட்' என்றார்கள். இங்கே மெகா என்பது 1000 × 1000 அன்று. 1024 × 1024-உம் அன்று. 1000 × 1024! ஒரே அளவுக்குள் இரண்டு மரக்கால்கள். இந்தக் குழப்பம் தீர, 1024-ஐ அடியாகக் கொண்ட அளவுகளுக்குக் கிபி, மெபி என்னும் தனிப் பெயர்களைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ல் வகுத்தது. ஆனாலும் அவை இன்னும் எல்லோர் வாயிலும் புழங்கவில்லை.

வேகத்தைப் பாருங்கள். பிளாப்பியிலிருந்து தகவல் வரும் வேகம் வினாடிக்கு 5,00,000 பிட். எட்டால் வகுத்தால் 62,500 பைட். ஆனால் வட்டு வினாடிக்கு 5 முறைதான் சுற்றுகிறது. ஒரு சுற்றில் நமக்குக் கிடைப்பது 18 × 512 = 9,216 பைட். ஆகவே வினாடிக்கு 46,080 பைட்தான் பயனாகிறது. மீதி எங்கே போயிற்று? பகுதிகளுக்கு இடையே விட்ட இடைவெளி, ஒவ்வொரு பகுதியின் முகவரி, பிழை பார்க்கும் குறியீடு ஆகியவற்றுக்குப் போயிற்று. ஒரு மூட்டை நெல்லைக் குத்தினால் ஒரு மூட்டை அரிசி வருமா? உமியும் தவிடும் போக மிஞ்சுவதுதான் அரிசி. தகவலில் அந்த அரிசிக்குப் பயன்சுமை என்று பெயர்.

உமி வீண் என்று எண்ண வேண்டாம். அரிசியைக் காப்பது அதுதான். குறுந்தகட்டில் வினாடிக்கு 75 பகுதிகள் படிக்கப்படுகின்றன. பாட்டுத் தகட்டில் ஒரு பகுதிக்கு 2,352 பைட் இசை. கணினித் தகட்டில் அதே பகுதியில் 2,048 பைட்தான் தகவல். மிச்சத்தில் பெரும்பங்கு பிழை திருத்தத்துக்குப் போகிறது. பாட்டில் ஒரு சிறு பிசகு காதுக்குத் தெரியாமல் போகலாம்; மதிப்பெண் பட்டியலில் ஓர் எண் பிசகினால் பொறுக்க முடியுமா?

எனவே, யார் வேகம் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பிட்டா, பைட்டா? ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா? நெல்லா, அரிசியா? இணைப்பு விற்பவர்கள் இரண்டு அலகிலும் வேகத்தை அச்சிட வேண்டும். பள்ளிக் கணக்கில் வட்டியும் சதவீதமும் இருப்பதுபோல இதுவும் இடம்பெற வேண்டும்.

அதுவரை நீங்களே அளந்து பாருங்கள். பருமன் தெரிந்த ஒரு கோப்பை இறக்கி, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 30 மெகாபைட் கோப்பு 2 நிமிடத்தில் வந்தால் வினாடிக்கு கால் மெகாபைட். எட்டால் பெருக்க 2 மெகாபிட். காலை, பகல், இரவு என்று ஒரு வாரம் குறித்து வைத்து, வாங்கிய திட்டத்தோடு ஒப்பிடுங்கள். உத்திரமேரூர்ச் சபையில் பொன்னைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது. இன்று ஊரின் தகவலை அளந்து பார்க்கும் வாரியமாக உங்கள் வகுப்பு ஏன் இருக்கக் கூடாது?